நம்ம ஊர்ல குடும்பத்தோட போற தீம் பார்க்குல பார் வைக்கலாமா? ஒரு முடிவு எடுக்கணும், யோசனை சொல்லுங்க

#1 நாங்குநேரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணாச்சி முறை, நாலுவழிச்சாலை ஓரத்துல கெடக்கிற எங்க பூர்வீக இடத்துல ஒரு வாட்டர் தீம் பார்க் போடணும்னு இறங்கியிருக்காவ. மதுரையில இருந்து கன்னியாகுமரி போற டூரிஸ்ட் வண்டி எல்லாம் எங்க இடத்தைத் தாண்டித்தான் போகணும். பங்காளிங்க அஞ்சு பேரு, அதுல நானும் ஒருத்தன். மூணு மாசமா உக்காந்து பேசி எல்லாம் ஒத்து வந்துட்டு. ஒரே ஒரு விஷயத்துல பேச்சு நிக்கி.

அண்ணாச்சி சொல்லுதது இதுதான். பார்க்கோட சேர்த்து ஒரு ஓட்டல் கட்டணும், அதுக்கு பார் லைசென்ஸ் வாங்கணும், அலையடிக்கிற வேவ் பூலுக்குப் பக்கத்துல பெரியவங்களுக்குன்னு நிழலா ஒரு இடம் போட்டு பீரு, மத்தது எல்லாம் கொடுக்கணும். "டிக்கெட்டுல வார காசு கரண்டுக்கும் சம்பளத்துக்கும் சரியாப் போயிரும். கையில நிக்கது சாப்பாட்டுலயும் சரக்குலயும்தாம்ல. டிஸ்னிலயே விக்கானுவ, நமக்கு என்ன?"ங்காவ. அவிய சொல்லுத கணக்கு தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல.

வீட்டுல சொன்னேன். எங்க வீட்டம்மா ஒரே வார்த்தைதான் சொன்னா: "அப்படின்னா அந்தப் பார்க்குக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரமாட்டேன்." அதுல இருந்து தூக்கம் வரல. அடுத்த வெள்ளிக்கிழமை பங்காளிங்க எல்லாரும் திரும்ப உக்காருதோம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 ஒர்லாண்டோ_நெல்லை

நான் பாளையங்கோட்டையில பிறந்து வளர்ந்தவன், பதினோரு வருஷமா ஃபுளோரிடாவுல இருக்கேன். டிஸ்னி பேரு வந்ததால அந்தக் கதையை முழுசாச் சொல்லிருதேன். உங்க அண்ணாச்சி பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்காவ.

வால்ட் டிஸ்னி 1955ல கலிஃபோர்னியாவுல டிஸ்னிலேண்டைத் திறந்தப்போ உள்ளே மது கிடையாது. அது அவர் யோசிச்சு எடுத்த முடிவு. அப்போ இருந்த திருவிழாப் பொருட்காட்சி மாதிரியான இடங்களைப் பார்த்து அலுத்துப் போய்த்தான், பெத்தவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடமாட ஒரு இடம் வேணும்னு அதைக் கட்டினார். 1967ல உறுப்பினர்களுக்கு மட்டும்னு உள்ளே ஒரு கிளப் வந்தது, அங்க மட்டும் கொடுத்தாங்க. பொதுமக்களுக்கு அந்தப் பார்க்குல முதல் முறையா மது வித்தது 2019ல. கணக்குப் பாருங்க, 64 வருஷம்.

இங்க ஃபுளோரிடாவுல டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க்கை 1971ல திறந்தாங்க. 2012 வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. அப்புறமும் ஒரே ஒரு உணவகத்துல, ராத்திரிச் சாப்பாட்டோட, ஒயினும் பீரும் மட்டும். நாலு வருஷம் கழிச்சுத்தான் மத்த உணவகங்களுக்கும் போனாங்க. ஆனா பக்கத்துலேயே இருக்கிற அவங்களோட இன்னொரு பார்க், எப்காட், 1982ல திறந்த நாள்ல இருந்தே கொடுக்கு. அங்க 11 நாட்டு மண்டபம் உண்டு. ஒவ்வொரு நாட்டுலயும் ஒண்ணு குடிச்சுட்டே சுத்தி வாரதை ஒரு பந்தயமா வச்சுக்கிட்டு வாரவங்க இருக்காங்க. நானே பார்த்திருக்கேன், ஏழாவது நாட்டுக்குப் பக்கத்துல நடை மாறிரும்.

பாரிஸ் கதை வேற. 1992ல திறந்தப்போ அங்கேயும் மது இல்லைன்னாங்க. பிரான்ஸ்ல சாப்பாட்டு மேஜையில ஒயின் இல்லைன்னா, நம்ம ஊர்ல இலையில ரசம் ஊத்தாம எழுப்பி விட்ட மாதிரி. மறு வருஷமே மாத்திட்டாங்க. டோக்கியோவுல 1983ல திறந்த பார்க்குல 2020 வரைக்கும் கிடையாது. அதே இடத்துல 2001ல பெரியவங்களை மனசுல வச்சுக் கட்டின இன்னொரு பார்க்குல முதல் நாள்ல இருந்தே உண்டு. ரெண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி டிக்கெட்.

நான் சொல்ல வாரது: "டிஸ்னிலயே விக்கான்"ங்கிறது நிஜம்தான். ஆனா குடும்பம் நம்பி வார இடம்னு பேரு வாங்கின பொறவுதான் வித்தான்.

#3 பாளையங்கால்வாய்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுதேன், யாரும் கோவிச்சுக்க வேண்டாம். உள்ளே கொடுக்கலைன்னா நம்ம ஆளுங்க குடிக்காம வந்துருவாங்களா? கார் டிக்கியத் திறந்து வச்சுக்கிட்டு, டம்ளரும் மிக்சரும் போட்டு, பார்க்கிங்லேயே அரை மணி நேரத்துல முடிச்சுட்டுத்தான் உள்ளே வருவாங்க. பெப்சி பாட்டில்ல கலந்து கொண்டு வருவாங்க. அதுக்குப் பதிலா உள்ளே ஒரு இடம் வச்சு, விலையைக் கூட்டி வச்சு, ஆளுக்கு ரெண்டுதான்னு கையில பட்டை கட்டி, சாப்பாட்டோட கொடுத்தா நிதானமாக் குடிக்கப் பழகுவாங்க. மறைச்சு மறைச்சு வச்சுத்தான் நாம குடியை இந்தக் கோலமாக்கி வச்சிருக்கோம். எங்க அப்பா தலைமுறையில இருந்து அதைப் பார்த்துட்டு வாரேன்.

#4 சாரல்காலம்

தென்காசியில டெம்போ டிராவலர் ஓட்டுதேன், 14 வருஷமா. சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வீட்டுக்கே போறதில்ல. குற்றாலத்துல கட்டணமும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் குடும்பம் வாரதுக்குன்னே அந்தக் காலத்துல இருந்து உள்ள இடம். அங்க நான் பார்க்கதைச் சொல்லுதேன், முடிவு நீங்க எடுங்க.

வண்டியில பத்துப் பன்னெண்டு பேரு வருவாங்க. அண்ணன் தம்பி, மச்சான், அவங்க வீட்டுக்காரம்மாங்க, பிள்ளைங்க. முதல் அருவியில எல்லாரும் சேர்ந்துதான் குளிப்பாங்க. ரெண்டாவது அருவிக்கு வண்டி போறப்ப ஆம்பளைங்க "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க"ம்பாங்க. அதோட அந்தக் குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சிரும். பொம்பளைங்க வண்டியிலயே பிள்ளைங்களுக்கு ஈரத்துணி மாத்திட்டு உக்காந்திருப்பாங்க. அருவிக்கரையில போலீஸ்காரர் மைக்குல, குடிச்சுட்டுக் குளிக்காதீங்கன்னு தொண்டை வத்தக் கத்திட்டேதான் இருப்பார். அந்தச் சத்தம் வண்டிக்குள்ளயும் கேக்கும்.

போன சீசன்ல ஒரு அம்மா, என் அக்கா வயசு இருக்கும், என்கிட்ட மெதுவாக் கேட்டாங்க: "தம்பி, வண்டி ஏதோ ரிப்பேர்னு சொல்லி ஒரு மணி நேரம் இங்கேயே நிறுத்த முடியுமா? அவங்க கொஞ்சம் தெளிஞ்ச பொறவு அடுத்த அருவிக்குப் போகலாம்." நான் பானட்டத் திறந்து வச்சுட்டு சும்மா நின்னேன். அந்த ஒரு மணி நேரமும் அவங்களுக்கு டூர் கணக்குலதான் போச்சு.

#5 ராட்டின ஆபரேட்டர்

வேலையில பார்த்தவன் பேசுதேன். சொந்த ஊர் வீரவநல்லூர். கேரளாவுல ஒரு பெரிய பார்க்குல ஆறு வருஷம் இருந்தேன், முதல்ல ஸ்லைடு, அப்புறம் வேவ் பூல், கடைசியில கொலம்பஸ், அதான் முன்னும் பின்னும் ஆடுத கப்பல் ராட்டினம். அங்க மது கிடையாது. இருந்தும் குடிச்சுட்டு வாரவங்களைத் தினம் பார்த்திருக்கேன், அதனால பாளையங்கால்வாய் சார் சொல்லுதது பொய்யில்ல. ஆனா அதுக்கு மருந்து உள்ளேயே கடை திறக்கதுன்னு சொல்லுதாவ பாருங்க, அதை என்னால ஒத்துக்க முடியல.

ஸ்லைடைப் பத்திச் சொல்லுதேன். மேல நிக்கிற ஆபரேட்டர் சொல்லுதது மூணே விஷயம். மல்லாக்கப் படுங்க, கையை நெஞ்சுல கட்டுங்க, காலைப் பின்னிக்கோங்க. இந்த மூணும் அந்தப் பத்துப் பதினஞ்சு செகண்ட் முழுக்க அப்படியே இருக்கணும். குடிச்சவர் மேல தலையாட்டுவார், பாதியில எந்திரிச்சு உக்காருவார். உக்காந்தா வேகமும் மாறும், வளைவுல உடம்பு போற கோடும் மாறும், மண்டை ஓரத்துல மோதும். இன்னும் சிலபேர் நடுவுல காலை ஊனி நின்னு, பின்னால வார கூட்டாளிக்காகக் காத்திருப்பாங்க. பின்னால வாரது கூட்டாளியா, எட்டு வயசுப் பிள்ளையான்னு அவருக்குத் தெரியாது.

வேவ் பூல் இன்னும் மோசம். தண்ணியில முங்குறவன் சினிமாவுல காட்டுத மாதிரி கத்த மாட்டான், கையை ஆட்ட மாட்டான். வாய் தண்ணிக்குக் கீழ போயிட்டு வார நேரத்துல மூச்சு விடத்தான் பார்ப்பான், கத்த அவன்கிட்ட காத்து இருக்காது. லைஃப் கார்டு உடம்பு நிக்கிற விதத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். குடிச்சவன் ஆடுதது விளையாட்டா, போராட்டமான்னு அந்த அலையில பிரிச்சுப் பார்க்கவே முடியாது. நாலடித் தண்ணி போதும். இதுல நம்ம வெயில் வேற. சாராயம் உடம்புல உள்ள தண்ணியை மூத்திரமா வெளியேத்தும், ரத்தக் குழாயை விரிக்கும். சித்திரை வெயில்ல வரிசையில நின்னு மேல ஏறிப் போனவருக்கு அங்க தலை சுத்தும். கொலம்பஸ்ல காதுக்குள்ள இருக்கிற சமநிலையே ஏற்கெனவே கலங்கும், அதோட மதுவும் சேர்ந்தா வாந்திதான். அது எதிர்ல உக்காந்திருக்கவங்க மேல விழும். கழுவி முடிக்க ராட்டினம் அரை மணி நேரம் நிக்கும், வரிசையில உள்ள பிள்ளைங்க எல்லாம் வெயில்ல நிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். ஆளுக்கு ரெண்டுன்னு பட்டை கட்டலாம்னாவ. வெறும் வயித்துல குடிச்சது அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் உச்சிக்கு ஏறும். கவுண்டர்ல அவர் நிதானமாத்தான் இருப்பார், என்கிட்ட வந்து நிக்கிறப்பதான் ஏறியிருக்கும். நான் அவரை நிறுத்தினா அவர் என்ன கேப்பார்? "உன் முதலாளி வித்ததைத்தான் குடிச்சேன், காசு வாங்குனீங்கள்ல, இப்ப ஏத்த மாட்டியோ?"ம்பார். அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. அறவே கிடையாதுன்னு போர்டு இருக்கிற இடத்துல, வாடை வருது, இறங்குங்கன்னு சொன்னா மத்த ஜனம் முழுக்க என் பக்கம் நிக்கும். 19 வயசுப் பையன்தான் அந்த மேடையில நிப்பான். அவன் கையில இருக்கிற ஒரே பலம் அந்த போர்டு.

ஒரு நாள் ஒருத்தர் பார்க்கிங்ல குடிச்சுட்டு வந்தார், கூட அவர் மகள். ஏத்த மாட்டேன்னேன். அத்தனை பேரு முன்னால என் சட்டையைப் பிடிச்சார், கெட்ட வார்த்தை பேசினார். செக்யூரிட்டி வந்து கூட்டிட்டுப் போனாங்க. அந்தப் பிள்ளை ட்யூபைப் பிடிச்சுட்டு வரிசையிலேயே நின்னுச்சு. அப்பா பின்னால போகவும் இல்ல, அழவும் இல்ல. பின்னால நின்ன ஒரு குடும்பத்துக்கிட்ட கேட்டு அவங்களோட சேர்த்து அனுப்பி வச்சேன். கீழ போய் இறங்கினதும் திரும்பி மேல பார்த்துச்சு. அதை நான் மறக்கல.

#6 வண்ணாரப்பேட்டை_வக்கீல்

சட்டத்தை மட்டும் சொல்லிருதேன். தமிழ்நாட்டுல சில்லறை விற்பனை 2003ல இருந்து டாஸ்மாக் கையிலதான். தனியார் பரிமாறணும்னா மனமகிழ் மன்றத்துக்கு எஃப்.எல்.2, ஓட்டலுக்கு எஃப்.எல்.3 உரிமம். வேவ் பூல் பக்கத்துல நிழல் போட்டுக் கொடுக்கலாம்னு அண்ணாச்சி நினைக்கது அவ்வளவு லேசு இல்ல, உரிமம் எந்த இடத்துக்கு வாங்குதோமோ அந்த இடத்துக்குத்தான். வயசு 21 ஆகியிருக்கணும், பாக்கது உங்க பொறுப்பு.

2023 ஏப்ரல்ல நடந்தது ஞாபகம் இருக்கா? கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் மாதிரி இடங்கள்ல சிறப்பு அனுமதி வாங்கி மது பரிமாறலாம்னு அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பின வேகத்துல கல்யாண மண்டபத்தை எடுத்துட்டாங்க. குடும்பம் கூடுத இடம்னா நம்ம ஜனம் எங்க கோடு போடும்னு அதுல தெரிஞ்சு போச்சு. நம்ம பக்கத்துல குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில, ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரத்துல ஏறின காந்தியவாதி சசிபெருமாள் உயிர் போனது 2015 ஜூலை 31. உரிமம் கையில இருந்தாலும் ஊர்ப் பொம்பளைங்க வாசல்ல வந்து உக்காந்தா என்ன செய்வீங்கன்னு யோசிச்சு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல இருந்தா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். உங்க பார்க் இருக்கப் போறது நாலுவழிச்சாலையில. வாரவங்க எல்லாரும் வண்டியிலதான் வருவாங்க, சாயங்காலம் ஓட்டிட்டுத்தான் போவாங்க. பின் சீட்டுல பிள்ளைங்க தூங்கிட்டு இருக்கும்.

#7 அம்பை_மதினி

இவ்வளவு நேரம் படிச்சுட்டு இருந்தேன், எழுதலாமா வேண்டாமான்னு. நாங்குநேரித் தம்பி, உங்க வீட்டம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லுதேன்.

எங்க வீட்டுல குடிப்பாங்க. கெட்ட மனுசர் இல்ல, கை நீட்ட மாட்டாங்க. ஆனா கல்யாணமோ, கோயில் கொடையோ, டூரோ, போன எடத்துல எல்லாம் என் கண்ணு ஒரு பக்கம் அவங்க கைமேலயே இருக்கும். இது எத்தனாவது, யார் ஊத்திக் கொடுக்கா, குரல் உசந்துட்டா, மாமனார் பார்த்துட்டாரா. சாப்பிட்டது என்னன்னு கூட எனக்கு நினைவிருக்காது. இதை எந்தப் பொம்பளைகிட்ட வேணும்னாலும் கேளுங்க, எண்ணுத வேலை அவளுக்குத்தான்.

எங்க ஊர்ல இருந்து மணிமுத்தாறு அருவிக்குப் போனா வனத்துறை செக்போஸ்ட் இருக்கு. பாபநாசத்துல அகஸ்தியர் அருவிக்குப் போற வழியிலயும் இருக்கு. பையைத் திறந்து, வண்டி டிக்கியத் திறந்து, பாட்டில் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விடுவாங்க. எல்லாரும் அதைத் தொந்தரவும்பாங்க. எனக்கு அந்தக் கேட்டுக்கு உள்ளே போனதும் தோள்ல இருந்து ஒரு சுமையை இறக்கி வச்ச மாதிரி இருக்கும். அங்கதான் நானும் தலை முழுக நனைஞ்சு குளிச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரும் பிள்ளைகளைத் தோள்ல தூக்கி வச்சு அருவியில நின்னிருக்காங்க. மூணு மணி நேரம் அவங்க எங்களுக்கு மட்டும்தான். குடிக்க வழி இல்லாத எடத்துல அவங்களும் நல்லா இருந்தாங்க, தேடவும் இல்ல.

வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பம் அப்படி இருக்க ஒரு எடம் வேணும். அதுக்கு டிக்கெட்டு ஆயிரம் ரூபான்னாலும் நான் கொடுப்பேன், சீட்டுப் பணத்துல எடுத்தாவது கொடுப்பேன்.

#8 பாளையங்கால்வாய்

மதினி, நீங்க சொன்னதுக்கு எதிரா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எங்க அம்மா முகம்தான் முன்னால வந்தது. ஆனா பார்க்கிங் கேள்வி அப்படியே நிக்கி. அதுக்கு ஒரு வழி சொல்லாம, உள்ளே கிடையாதுன்னு மட்டும் எழுதி வச்சா பாதி வேலைதான். கேட்டுல சோதனை, பார்க்கிங்ல ரோந்து, வாடை வந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புதது, இதுக்கு ஆளும் சம்பளமும் ஒதுக்கணும். ராட்டின ஆபரேட்டர் தம்பி தலையில மட்டும் கட்டிட்டுப் போகக் கூடாது.

#9 ராட்டின ஆபரேட்டர்

இதை நான் நூத்துக்கு நூறு ஒத்துக்கிடுதேன் சார். காசைத் திருப்பிக் கொடுக்கதுதான் முக்கியம். காசு போச்சேன்னுதான் சண்டை வாரது.

#10 மேலப்பாளையம்_காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். வருமானக் கணக்கு பத்தி யாரும் பேசல, அதனால நான் சொல்றேன். பள்ளிக்கூடங்களுக்கு சுற்றுலா பஸ் ஏற்பாடு செய்றது என் தொழில்.

சனி ஞாயிறு கூட்டம் எந்தப் பார்க்குக்கும் வரும். செவ்வாய், புதன் கிழமை எவன் வாரான்? பள்ளிக்கூடம்தான். ஒரு ஸ்கூல்னா நாலு பஸ், இருநூறு பிள்ளைங்க, மொத்தமா மதியச் சாப்பாடு. அப்புறம் மகளிர் சுய உதவிக் குழு, சர்ச்ல இருந்து வார ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க, எங்க பக்கத்து மதரஸா பிள்ளைங்க. இவங்க யாரும் உள்ளே பார் இருக்குன்னு தெரிஞ்சா வரமாட்டாங்க. எந்தத் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட மாட்டார், ஒரு பெத்தவங்க கேள்வி கேட்டா அவர் வேலைக்கு ஆபத்து. வாரத்துல அஞ்சு நாளைக் கொடுத்துட்டு ரெண்டு நாள் ராத்திரியை வாங்குறது வியாபாரமா வாப்பா? உங்க அண்ணாச்சிகிட்ட இதை மட்டும் சொல்லுங்க, அவரு கணக்குப் பார்க்கிற ஆளுன்னா புரிஞ்சுக்குவாரு.

#11 உடன்குடி_பனை

விக்கதுக்கு ஒண்ணுமே இல்லையான்னா இருக்கு. எங்க தாத்தா பனையேறி. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி இறக்குனா பதநீர், தடவாம விட்டா அதே பாளையில இருந்து கள்ளு. கள்ளு இங்க 1987ல இருந்து தடை, அந்த வழக்கு தனி, அதுல எனக்கு வேற கருத்து உண்டு, இங்க வேண்டாம். ஆனா பதநீருக்கு யார் தடை? நுங்கைப் போட்டு ஓலைப் பட்டையில ஊத்திக் கொடுங்க. அதுக்குன்னே மதுரையில இருந்து வருவான். ராட்டினத்துல இருந்து இறங்கி வார பிள்ளைக்கும் கொடுக்கலாம், அப்பனுக்கும் கொடுக்கலாம்.

#12 ஒர்லாண்டோ_நெல்லை

டோக்கியோ மாதிரி தனி வாசல்னா ஒரு வழி இருக்குன்னு எழுத நினைச்சேன். மதினி எழுதினதைப் படிச்ச பொறவு எழுத மனசு வரல. எப்காட்ல நான் பிள்ளைகளோட நிக்கிறப்ப என் வீட்டுக்காரி கண்ணு எங்க இருந்துச்சுன்னு இப்ப யோசிச்சுப் பார்க்கேன்.

#13 நாங்குநேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பேசி முடிச்சாச்சு. காக்கா சொன்ன பள்ளிக்கூடக் கணக்கை ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். அண்ணாச்சி அதை ரெண்டு தரம் படிச்சாவ. மதினி எழுதினதை நான் வாசிச்சுக் காட்டல, போனை எங்க பெரியம்மா கையில கொடுத்துட்டேன். பெரியம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு மெதுவாப் படிச்சாவ. படிச்சு முடிச்சுட்டு மகன்கிட்ட "உங்க அப்பா இருந்த காலத்துல நான் ஒரு திருச்செந்தூர்கூட நிம்மதியாப் பார்க்கலல"ன்னு மட்டும் சொன்னாவ. அண்ணாச்சி எந்திரிச்சு வெளிய போயிட்டாவ. திரும்பி வந்து, பார் வேண்டாம், ஓட்டல் கட்டுததையும் ரெண்டு வருஷம் தள்ளி வைப்போம்னாவ. முதல் வருஷம் நட்டம் வந்தா அஞ்சு பேரும் சமமாத் தாங்கணும்னு பேச்சு. எனக்குச் சம்மதம்.

கேட்டுச் சோதனைக்கும் பார்க்கிங் ரோந்துக்கும் எட்டு ஆளு, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்க கேட்டுலேயே ஒரு கவுண்டர், இது ரெண்டும் பிளான்ல ஏறிட்டு. ராட்டின ஆபரேட்டர் தம்பி, உங்களுக்குத் தனியா ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், பாருங்க. உடன்குடி அண்ணன், பதநீர் தினமும் கொண்டு வந்து சேர்க்க முடியுமா? எத்தனை மாசம் கிடைக்கும்?

#14 உடன்குடி_பனை

சித்திரை, வைகாசியில எவ்வளவு வேணும்னாலும் தாரேன். அதுக்கு முன்னபின்ன கொஞ்சம்தான் கிடைக்கும், மழை மாசத்துல கிடையவே கிடையாது, அப்ப கருப்பட்டிக் காப்பி போடுங்க. விடியக்காலம் இறக்கினதை வெயில் ஏறுமுன்ன கொண்டு வரணும், நேரம் போனா புளிச்சிரும். ஐஸ் பெட்டி வச்ச வண்டி ஒண்ணு உங்க செலவு. பட்டை மடிக்க எங்க ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு பேரு வருவாங்க, அவங்களுக்குத் தங்க ஒரு ரூம் வேணும்.